டிக்கெட் ஏற்கெனவே இருக்கிறது

ஜெர்மனியில் 2023 மே மாதம் முதல் ஒரு டிக்கெட் விற்கிறார்கள். மாதம் 49 யூரோ கட்டினால் நாடு முழுவதும் எந்த ஊர் பஸ்ஸிலும் டிராமிலும் பாசஞ்சர் ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஐசிஇ போன்ற அதிவேக, தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது. (2025-இல் 58 யூரோ ஆக்கிவிட்டார்கள். நான் சொல்வது 49 காலத்துக் கதை.) என்னைப் போன்ற குடும்பஸ்தன் கையில் இப்படியொரு சீட்டைக் கொடுக்கலாமா என்று அந்த அரசாங்கம் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. 49-ஐ முப்பதால் வகுத்து, ஒரு நாள் எங்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு யூரோ அறுபத்துமூன்று சென்ட் தண்டம் என்று கண்டுபிடித்து, அந்தக் கணக்கைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தவன் நான்.

படிக்கப் போனது நானல்ல, என் மனைவி. கணித மேதை கௌஸ் வேலை பார்த்த கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மண்ணியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். பட்டம் வாங்கியவர்கள் ஊர் நடுவில் நிற்கும் வாத்துக்காரச் சிறுமியின் சிலைமேல் ஏறி அவளுக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த முத்தத்தைக் குறிவைத்து இவள் இரவும் பகலும் மண் சலித்துக்கொண்டிருந்தாள். நான் சம்பளமில்லாத விடுப்பில், துணைவர் விசாவில், குடும்பத் தலைவர் என்று ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியிருந்தேன். சமையல், பாத்திரம், ஐந்து வயது மகளைக் கிண்டர்கார்டனில் விட்டுக் கூட்டிவருவது, குப்பையைத் தொட்டியின் நிறம் பார்த்துப் பிரிப்பது எல்லாம் என் பொறுப்பு. அதிகாரத்தோடு என்னிடம் இருந்த ஒரே இலாகா போக்குவரத்து.

அந்த இலாகாவின் சார்பில்தான் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் ஹாம் நகரத்துக்குப் போவதென்று அறிவித்தேன். ஹாமில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பியது; 2002-இல் குடமுழுக்கு. பதினேழு மீட்டர் ராஜகோபுரம், அதுவும் தொழிற்பேட்டைக்குள். அன்றைக்குத் தேர்.

“ஐசிஇல போனா ரெண்டரை மணி நேரத்துல போயிடலாமே?” என்றாள் மனைவி.

“பாசஞ்சர்ல மூணரை. ஒரு மணி நேரத்துக்காக யாராவது நூறு யூரோவுக்கு மேல கொடுப்பாங்களா? டிக்கெட்தான் ஏற்கெனவே இருக்கே!”

மகளுக்கு ஆறு வயது முடியும்வரை எல்லா வண்டியிலும் இலவசம். அவள் பிறந்த நாளை நினைத்து நான் கொஞ்சநாளாகவே தூக்கம் கெட்டிருந்தேன். அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு பாலத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். ஆல்டன்பேக்கன் என்ற ஊரில் பள்ளத்தாக்கின் மேலே 1853-இல் கட்டிய சுண்ணாம்புக்கல் பாலம். 482 மீட்டர் நீளம், 24 வளைவுகள். நம் ரயில் அதன்மேல்தான் போகும் என்று முந்தின இரவே கதை சொல்லிப் படுக்க வைத்தேன்.

காலையில் பட்டுவேட்டி, அதற்குமேல் பெல்ட், மேலே மழைக்கோட்டு. மனைவி புளியோதரை கட்டினாள். நான் குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டில்களில் பிடித்து வைத்தேன். அங்கே பாட்டில் வாங்கினால் 25 சென்ட் டெபாசிட் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆகவே பாட்டில்கள் திங்கட்கிழமைவரை பத்திரமாக இருக்க வேண்டும். இதற்காகவே நான் துணிப்பை ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பையைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கோட்டிங்கனிலிருந்து காஸல்வரை ஒரு வில்லங்கமும் இல்லை. காஸலில் பெரிய ரயில் நிலையங்கள் இரண்டு. ஒன்றின் பெயரிலேயே ‘தலைமை நிலையம்’ என்று இருக்கிறது. இன்னொன்று வில்ஹெல்ம்ஸ்ஹோஹே. 1991-இல் அதிவேகப் பாதை வந்தபோது தலைமை நிலையம் முட்டுச்சந்தாக இருந்ததால், முக்கிய வண்டிகளையெல்லாம் வில்ஹெல்ம்ஸ்ஹோஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. ஹாம் போகும் வண்டி அங்கிருந்துதான் கிளம்பும் என்று மனைவியின் போன் சொன்னது. மகள் ஒலிபெருக்கியில் கேட்டு அதையே சொன்னாள். நம் ஊரில் சென்ட்ரலை விட்டுவிட்டு யாராவது பேசின் பிரிட்ஜில் வண்டி பிடிப்பார்களா என்று நான் கேட்டேன். வாதத்தில் என் கட்சிதான் ஜெயித்தது. தலைமை நிலையத்தில் இறங்கினோம்.

அங்கே ரயில்களைவிடக் கலை அதிகம். வாசலில் 25 மீட்டர் நீளக் குழாய் ஒன்று சாய்வாக வானத்தை நோக்கி நிற்கிறது. அதன்மேல் ஒரு மனிதன் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கிறான். அமெரிக்கச் சிற்பி ஜோனதன் போரோஃப்ஸ்கி 1992-இல் டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்காகச் செய்தது. குழாய் பாதி வானத்தில் முடிந்துவிடுகிறது. அவன் நடையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. என் மனைவி அந்தச் சிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சிலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடத் திருமணமாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். எங்களுக்கு ஏழுதான் ஆகியிருந்தது.

ஒரு பெட்டி வண்டி பிடித்து வில்ஹெல்ம்ஸ்ஹோஹே போய்ச் சேர்ந்தபோது ஹாம் ரயிலின் கடைசிப் பெட்டியை நல்ல தெளிவாகப் பார்க்க முடிந்தது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. அந்த இரண்டு மணி நேரமும் வெள்ளை வெளேரென்று ஐசிஇ ரயில்கள் வந்து நின்று, ஆட்களை ஏற்றி, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பாலம் எப்போப்பா வரும்?” என்றாள் மகள்.

“வரும் கண்ணு. இந்த ரயில்ல ஏறினதும் வரும்.”

ரயிலில் ஏறினோம். வார்பூர்க் என்ற ஊரில் எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். ஜெர்மன்காரர்கள் கூட்டமாக, முணுமுணுப்பில்லாமல் ஒரு காரியத்தைச் செய்தால் நாமும் செய்துவிட வேண்டும் என்பது நான் அங்கே கற்ற பாடம். இறங்கினோம். மேற்கே தண்டவாள வேலை. பாடர்போர்ன் வரை ரயிலுக்குப் பதில் பஸ்ஸாம். பஸ்ஸென்றால் பாலம் இல்லை. இந்தச் செய்தியை மகளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று யோசிப்பதற்குள், பலகையைப் படித்த பக்கத்து ஆள் அவளுக்கு ஜெர்மனில் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவள் அம்மா சிலையைப் பார்த்த அதே பார்வை.

பஸ் டிரைவர் அந்தப் பாதைக்குப் புதியவர். வெளியூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலும். முன்சீட்டில் ஒரு பாட்டியம்மா கைத்தடியால் இடம் வலம் காட்டிக்கொண்டே வந்தாள். வண்டி வயல்களுக்கு நடுவில், சர்ச் சர்ச்சாக, அழகாகத்தான் போயிற்று. ஒரு கிராமத்தில் பாட்டி, “இதுதான் என் வீடு” என்று சொல்லி இறங்கி, எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். வாசலில் பூத்தொட்டி வைத்த வீடு. கதவு சாத்தப்பட்டது. பஸ்ஸுக்குள் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பாட்டி பாடர்போர்ன் பாதையைக் காட்டவில்லை, தன் வீட்டுப் பாதையைக் காட்டியிருக்கிறாள் என்பது டிரைவர் உட்பட எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

வழி கண்டுபிடித்து பாடர்போர்ன் வந்து சேர்ந்தபோது புளியோதரை தீர்ந்திருந்தது. கழிப்பறைக்குக் காசு கேட்டார்கள். நான் ரயிலுக்குள் போய்க்கொள்கிறேன் என்று கொள்கை முடிவெடுத்தேன். ரயிலில் கழிப்பறை பூட்டியிருந்தது. இதை இதற்குமேல் விவரிக்க வேண்டாம்.

ஆனால் அந்த ரயிலில்தான் முதல்முறையாகத் தமிழ் கேட்டது. பெட்டி நிறையப் பட்டுப்புடவை. எதிர்ச் சீட்டில் ஒரு அக்கா. வயது அறுபதிருக்கும், மடியில் சில்வர் வாளி, பக்கத்தில் பிளாஸ்க்.

“கோயிலுக்கே தம்பி போறியள்? பிள்ளை களைச்சுப் போனா. இந்தாங்கோ, றோல்ஸ் சாப்பிடுங்கோ, மரக்கறிதான்.”

நான் வேண்டாமென்று தலையாட்டும்போதே என் கை வாங்கிவிட்டது. எண்பத்தாறில் வந்தவராம். முதலில் துப்புரவு வேலை, பிறகு மருத்துவமனைச் சமையலறை, மூன்று பிள்ளைகள், அதில் ஒருத்தி டாக்டர். எல்லாவற்றையும் இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் சொல்லி முடித்துவிட்டு, “நீங்கள் இந்தியாவில எந்த இடம்?” என்று கேட்டார்.

“காஞ்சிபுரம்.”

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டார். “ஐயோ கடவுளே! காமாட்சின்ர ஊரே! தம்பி, அங்கத்தைய கோயிலைப் பாத்துத்தான் இஞ்ச கட்டினது. நான் ஒருக்காக் கூடப் பாக்கேல்ல. சொல்லுங்கோ, அம்மாள் எப்பிடி இருக்கிறா?”

நாலு சீட்டுப் பெண்கள் திரும்பினார்கள். என் வீட்டிலிருந்து காமாட்சியம்மன் கோயில் நடந்தால் பத்து நிமிடம். கோயில் வாசலில் சைக்கிள் எங்கே நிறுத்தலாம், எந்தக் கடையில் டீ நன்றாயிருக்கும், தேர் நாளில் எந்தச் சந்தில் புகுந்தால் நெரிசல் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு போகலாம் என்றெல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் தெரியாது. காமாட்சி எங்கே போய்விடப் போகிறாள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பத்தைந்து வருடம் ஒத்திப்போட்டவன் நான். டிக்கெட் இருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

“நல்லா இருக்காங்க,” என்றேன்.

கோவில்பட்டிக்காரியான என் மனைவி குறுக்கே வந்து, அம்மன் பத்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதையும், கரும்பு வில்லையும், மலர் அம்புகளையும், கையிலுள்ள பாச அங்குசத்தையும் சொன்னாள். கல்யாணமான மறுவாரம் என் அம்மாவோடு போனதாம். நான் ஏன் போகவில்லை என்று எனக்கு நினைவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்னொரு றோல்ஸ்கூடக் கிடைக்கவில்லை.

ஹாமிலிருந்து கோயிலுக்கு டவுன் பஸ். இறங்கினால் கிடங்குகள், லாரிகள், தொழிற்சாலைக் கூரைகள். அந்த வட்டாரத்தில்தான் 1989-இல் மூடிய அணு உலை ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் வண்ண வண்ணமாகக் கோபுரம். தீர்த்தத்துக்குக் கால்வாய் இருக்கிறது. சரக்குப் படகு போகிற கால்வாய். தெருவெங்கும் கச்சான் கடை, புடவைக் கடை, மாம்பழப் பெட்டி. நாகஸ்வரம் கேட்டது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேர் நிலைக்கு வந்து, முட்டுக்கட்டை போட்டு, வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வடத்தை நானும் ஒரு கை பிடித்துச் சுருட்டினேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தேர் இழுத்ததாக ஊரில் சொல்லிக்கொள்ள இது போதும்.

தரிசனம் சீக்கிரமே கிடைத்தது. அன்னதானமும் கிடைத்தது, நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஒரு தேங்காய் மூடி, விபூதி, குங்குமம், வாழைப்பழம் எல்லாம் பிரசாதப் பையில் வந்தன. கோயிலைவிட்டு வெளியே வரும்போது புல்வெளியோரம் யாரோ விட்டுப்போன காலி பாட்டில்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் 25 சென்ட். துணிப்பையில் இடமும் இருந்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தாள், என்னைத் தெரியாத தோரணையில்.

திரும்பும் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாக இல்லை. ஞாயிறு மாலையில் டவுன் பஸ் தாமதம். அதனால் ரயில் போயிற்று. அதனால் பாடர்போர்னில் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸில் வேறு டிரைவர், வழி தெரிந்தவர். அதனாலேயோ என்னவோ நிதானமாக ஓட்டினார். நள்ளிரவு நெருங்க வில்ஹெல்ம்ஸ்ஹோஹேவில் இறங்கினோம். கோட்டிங்கன் போகிற கடைசிப் பாசஞ்சர் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது விடிகாலை. கான்கிரீட் தூண்களுக்கு நடுவில் ஒரு காற்று அடித்தது பாருங்கள், ஜூன் மாதம் என்று யார் சொன்னது? பட்டுவேட்டியைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன்.

அப்போது தாமதமாக ஓடிக்கொண்டிருந்த ஐசிஇ ஒன்று வந்து நின்றது. இருபது நிமிடத்தில் கோட்டிங்கன்.

“ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல ஆகும்,” என்றேன். “இருபது நிமிஷத்துக்கு! நிமிஷத்துக்கு ஒரு யூரோ. விடிஞ்சா நம்ம டிக்கெட்லயே போயிடலாம்.”

மனைவி போனில் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தாள். மகள் அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

“ஒரு டிக்கெட் வாங்கிட்டேன்,” என்றாள். “பாப்பாவுக்கு இலவசம். நீங்க விடிஞ்சதும் மெதுவா வாங்க.”

கதவு மூடிக்கொண்டது. கொள்கைப் பிடிப்புள்ள மனிதனை எந்த மனைவியும் இவ்வளவு மரியாதையாக விட்டுவிட்டுப் போனதில்லை. கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. அது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். கசங்கிய வேட்டி, நெற்றியில் விபூதி, காலடியில் காலி பாட்டில் நிறைந்த பை. கொஞ்ச நேரத்தில் இளைஞர்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பீர் பாட்டிலைக் குடித்து முடித்து, குப்பைத்தொட்டியில் போடப் போனவன் என்னைப் பார்த்தான். நின்றான். பாட்டிலைக் கொண்டுவந்து என் பை பக்கத்தில் மெதுவாக வைத்து, தலையைத் தாழ்த்தி வணங்காத குறையாக விலகிப் போனான். அந்த நாட்டில் அது வழக்கம். பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கையை விட வேண்டாமே என்று, நல்ல மனம் உள்ளவர்கள் வெளியே வைத்துவிட்டுப் போவார்கள்.

“நான் அப்படி இல்லை, என் மனைவி ஆராய்ச்சி மாணவி” என்று சொல்ல எழுந்தேன். ஜெர்மனில் எனக்கு ‘நான்’ தெரியும், ‘இல்லை’ தெரியும், ‘என் மனைவி’ தெரியும். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் வேறெதுவோ அர்த்தம் வந்துவிடும் என்று பட்டதால் ‘நன்றி’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். பீர் பாட்டிலுக்கு எட்டே சென்ட்தான். பிறகு வந்த ஒரு அம்மா வைத்தது பிளாஸ்டிக், முழு 25.

விடிகாலை வண்டியில் ஏறியதும் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது வெளியே ஒரு அழகான ஆறு. வெர்ராவும் ஃபுல்டாவும் கூடி வேசர் நதியாகிற மூண்டன் நகரம். வண்டி கோட்டிங்கன் போய், ஆட்களை இறக்கிவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு மறுபடி காஸலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிக்கெட் இருந்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கோட்டிங்கனில் இறங்கியபோது ஒன்பதாகப் போகிறது. மனைவி ஆய்வகத்தில், மகள் கிண்டர்கார்டனில், சாவி மனைவியின் கைப்பையில். ஆய்வகத்துக்குப் போய் அவள் பேராசிரியர் முன்னால் இந்தக் கோலத்தில் நிற்பதைவிட, ஒன்பது மணிக்குத் தொடங்கும் என் ஜெர்மன் வகுப்புக்கே போய்விடலாம் என்று தோன்றியது. ஆரம்ப நிலை வகுப்பு. கட்டணம் கட்டியாகிவிட்டது, போகாவிட்டால் அதுவும் தண்டம்.

திங்கட்கிழமை காலைகளில் ஆசிரியை எல்லோரிடமும் வார இறுதியைப் பற்றிக் கேட்பார். உக்ரைன் நாட்டு அம்மா ஆப்பிள் கேக் செய்தாராம். சிரியாக்காரத் தம்பி கால்பந்து ஆடினானாம். என் முறை வந்தது. இறந்தகாலம் எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை, நிகழ்காலம்தான் கையிருப்பு. நான் எழுந்து, இலக்கணப் பிழையில்லாமல், ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன்:

“நான் ரயில் நிலையத்தில் இருக்கிறேன். இரவு. குளிராக இருக்கிறது. நான் பாட்டில்கள் வைத்திருக்கிறேன். என் மனைவி வீட்டில் இருக்கிறாள். சாவி என் மனைவியிடம் இருக்கிறது.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியை என் வேட்டியையும் பையையும் பார்த்தார். “மிக நன்று,” என்றார், ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. உக்ரைன் அம்மா இடைவேளையில் கேக் டப்பாவையே என் பக்கம் தள்ளிவிட்டார். ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைத் தட்டிக்கொடுத்து, ஒரு மடிப்புத்தாளைக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அட்டையில் கணவன், மனைவி, குழந்தை படம் போட்டிருந்தது. ரயில்வே சலுகைத் திட்டம் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். ஆற அமர முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது, ஆனால் குரலை மாற்றாமல் சொன்னாள்.

“குடும்ப ஆலோசனை மையமாம். வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்ட கணவர்களுக்கும் உண்டாம். முதல் சந்திப்பு இலவசம்.”

“எங்க இருக்கு?”

“பஸ்ல ரெண்டு வண்டி மாறணும்.”

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். “போயிட்டுத்தான் வரலாமே,” என்றேன்.